முருங்கைக்கீரையில் கோடைப் பானங்கள்: பச்சை வாடை வராமல் செய்யும் முறை

முருங்கைக்கீரையை உருவி மிக்ஸியில் போட்டு, தண்ணீர் விட்டு அரைத்து, எலுமிச்சை பிழிந்து குடிப்பதுதான் பலரும் முதலில் செய்து பார்ப்பது. பெரும்பாலும் அதுவே கடைசியாகவும் இருந்துவிடுகிறது. முதல் மடக்கில் பச்சை வாடை அடிக்கும், அடுத்து தொண்டை காறும். டம்ளரை அரை மணி நேரம் அப்படியே வைத்துவிட்டால் நிறமும் மங்கிப் பழுப்பேறத் தொடங்கிவிடும். பொரியலிலும் அடையிலும் அவ்வளவு நன்றாக இருக்கிற கீரை டம்ளருக்குள் மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துவிட்டால், கொல்லையில் நிற்கும் ஒரே மரத்தை வைத்துக்கொண்டு கோடை முழுக்க ஓட்டிவிடலாம்.

அரைத்தால் ஏன் காறுகிறது?

மரத்தடியில் நின்று ஒரு பச்சை இலையை வாயில் போட்டு மென்று பாருங்கள். முதல் இரண்டு மூன்று கடிக்கு வெறும் கீரைச் சுவைதான். அதற்குப் பிறகே நாக்கின் பின்பக்கம் மெல்லிய கடுகு நெடி ஏறும். அந்தச் சில நொடித் தாமதத்துக்குக் காரணம் உண்டு. காரம் தரும் பொருளின் மூலமும், அதைக் காரமாக மாற்றுகிற நொதியும் இலைக்குள் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. இலை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. கடிக்கும்போது, கசக்கும்போது, அரைக்கும்போது செல்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. கடுகை அரைத்ததும் நெடி கிளம்புவதும் இதே வழியில்தான். முருங்கை வேரைச் சுரண்டி முகர்ந்தால் இந்த நெடி இன்னும் கடுமையாக இருக்கும்.

மிக்ஸி இந்த வேலையை நூறு மடங்கு வேகத்தில் செய்கிறது. பச்சை இலையை இரண்டு நிமிடம் ஓடவிட்டால் காறலும் பச்சை வாடையும் முழு அளவில் பானத்தில் இறங்கிவிடும். பிறகு எவ்வளவு சர்க்கரை போட்டாலும் மறையாது.

நொதிக்குச் சூடு ஆகாது. கொதிக்கும் நீரில் அரை நிமிடம் இலையை முக்கி எடுத்தால் அது பெருமளவு செயலிழந்துவிடும். அதன்பின் எவ்வளவு அரைத்தாலும் நெடி பெரிதாகக் கிளம்பாது. பொரியலில் கீரை சாதுவாக இருப்பதற்கும் இதுவே காரணம். ஆகவே முருங்கைக்கீரைப் பானத்துக்கு முதல் வேலை, அரைப்பதற்கு முன்னால் வெந்நீரில் முக்குவது. இதைத் தவறாமல் செய்தாலே முக்கால்வாசிக் குறைகள் போய்விடும்.

வெந்நீரில் போட்டால் சத்து போகாதா என்று கேட்பார்கள். வைட்டமின் சி ஓரளவு குறையும், உண்மைதான். அரை நிமிடத்தில் முழுவதும் போய்விடாது, பிறகு சேர்க்கும் எலுமிச்சை அதில் ஒரு பங்கை ஈடு செய்யும். கீரையிலுள்ள கால்சியமும் இரும்பும் இவ்வளவு குறைந்த நேரத்தில் அதிகம் இழக்கப்படுவதில்லை. யாரும் குடிக்காமல் கொட்டுகிற பச்சைச் சாற்றைவிட, வீட்டில் எல்லோரும் கேட்டு வாங்கிக் குடிக்கிற பானத்தால்தான் பயன்.

எந்த இலை, எந்த நேரம்

கொத்தின் நுனியிலிருந்து மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது ஈர்க்குகளில் உள்ள இலைகள் பானத்துக்குச் சரியானவை. தளிர் நிறம் மாறி நல்ல பச்சைக்கு வந்திருக்கும், விரலால் தேய்த்தால் மெத்தென்று இருக்கும். நுனித் தளிரில் சுவை போதாது. அடியிலுள்ள கரும்பச்சை இலை முற்றியது, கசக்கும், அரைத்தாலும் திப்பி திப்பியாக நிற்கும். மஞ்சள் விழுந்த இலை ஒன்றிரண்டு கலந்தாலும் பானத்தில் பழைய வாசம் வந்துவிடும் என்பதால் பொறுக்கி எறியுங்கள்.

வெயில் ஏறுவதற்கு முன், காலை ஏழு மணிக்குள் பறிப்பது நல்லது. மதிய வெயிலில் பறித்த இலை கூடைக்குள்ளேயே சூடேறி வாடிவிடும்.

பறித்ததும் கொத்தோடு அலசுங்கள். உருவிய பிறகு அலசினால் சின்ன இலைகள் கையிலும் பாத்திரத்திலும் ஒட்டிக்கொண்டு பாடுபடுத்தும். ஒரு அகலமான பாத்திரத்தில் உப்பு கரைத்த தண்ணீரில் ஐந்து நிமிடம் அமிழ்த்தி வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசினால் தூசியும் சிறு பூச்சிகளும் போய்விடும். அலசும்போதே இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பளிப்பூச்சி இருந்த கொத்தை அப்படியே ஒதுக்கிவிட வேண்டும். பூச்சியை மட்டும் தட்டிவிட்டு இலையை எடுத்தால், அதில் ஒட்டிய மயிர் அரிப்பைத் தரும்.

மாலையில் ஒடித்த கொத்துகளைத் துணியில் இறுகச் சுற்றி வைத்தால் காலையில் இலைகள் தாமாக உதிர்ந்து கிடக்கும், உதறினால் போதும். ஆய்கிற வேலை மிச்சமாகும் இந்த வழக்கம் பொரியலுக்கு அருமையானது. பானத்துக்கு வேண்டாம். இரவு முழுக்கப் புழுங்கிய இலையின் வாசம் பொரியலில் தாளிப்போடு மறைந்துவிடும், மோரில் மறையாது.

உருவும்போது மெல்லிய காம்புகளும் சேர்ந்து வரும். பொரியலில் அவை வதங்கிவிடும், மிக்ஸியிலோ நாராகத் திரிந்து பிளேடில் சுற்றிக்கொள்ளும். கொத்தின் அடியை இடது கையில் பிடித்து, வலது கையின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒவ்வொரு ஈர்க்காக விட்டு, அடியிலிருந்து நுனிப் பக்கமாக இழுத்தால் இலை மட்டும் கழன்று வரும். நுனி ஒடிந்து வந்தால் அதைத் தனியே போட்டுவிடுங்கள், சாம்பாருக்கு ஆகும்.

கோடையில் கீரை கிடைக்க மரத்தை வைத்துக்கொள்ளும் விதம்

மரமுருங்கைக்கு மணிக்கட்டுப் பருமனில், சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள போத்தை, அதாவது நடுவதற்கான கிளைத் துண்டை வெட்டி, ஓரிரு நாள் நிழலில் வைத்துப் பால் காய்ந்த பிறகு, மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும்படி நடுவார்கள். இடமில்லாதவர்களுக்குச் செடிமுருங்கை பொருந்தும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 விதையிலிருந்தே வளரும் ரகம். விதையை ஓர் இரவு ஊறவைத்து ஊன்றினால் பத்து நாள் வாக்கில் முளைக்கும். இருபது லிட்டர் கொள்ளும் தொட்டியில் மாடியிலேயே வளர்க்கலாம். செடி முக்கால் மீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாவிட்டால் ஒற்றைக் குச்சியாக மேலே ஓடும், கிள்ளினால் பக்கக் கிளை விட்டுக் கீரை பெருகும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

“முருங்கை பருத்தால் தூணாகுமா?” என்று கேட்கும் பழமொழியில் மரத்தின் குணம் முழுதும் இருக்கிறது. எவ்வளவு பருத்தாலும் கட்டை மென்மையானது. கிளையை வளைத்து இழுத்தால் பிளந்துகொண்டு வரும். அதில் ஏறவே கூடாது. ஆகவே கைக்கு எட்டும் உயரத்தில் வெட்டி வெட்டி வளர்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

தை மாதக் கடைசியில் கிளைகளை நெஞ்சு உயரத்துக்கு வெட்டிவிட்டுத் தண்ணீர் காட்டினால், பங்குனி, சித்திரையில் புதுத்துளிர் திமிறிக்கொண்டு வரும். இதில் ஒரு நஷ்டம் உண்டு: வெட்டிய கிளையில் அந்தக் கோடைக்குக் காய் பார்க்க முடியாது. இரண்டு மரம் இருந்தால் ஒன்றைக் காய்க்கும் மற்றதைக் கீரைக்கும் விட்டுவிடலாம். ஒரே மரம் என்றால் பாதிக் கிளைகளை மட்டும் வெட்டுங்கள்.

கீரையைத் தயார் செய்வது

ஒரு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். உப்பு போட வேண்டாம். பக்கத்திலேயே ஒரு பாத்திரத்தில் ஐஸ் தண்ணீரோ பானைத் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். உருவிய இலை 100 கிராமைக் கம்பி வடிகட்டியில் அள்ளி, கொதிநீரில் அமிழ்த்தி, 30 எண்ணும்வரை வைத்திருந்து எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் போடுங்கள். ஒரு நிமிடம் கழித்து எடுத்துக் கையால் லேசாகப் பிழியுங்கள்.

பாத்திரத்தை மூடி வைக்கக் கூடாது. இலையிலிருந்து ஆவியோடு வெளியேற வேண்டிய அமிலங்கள் மூடியில் பட்டுத் திரும்ப நீரில் விழுந்து பச்சை நிறத்தைக் கெடுக்கும். நிறம் நிற்கட்டும் என்று ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுகிறவர்களும் உண்டு. பச்சை பளிச்சென்று இருக்கும், ஆனால் இலை குழைந்து கொழகொழப்பாகிவிடும், வைட்டமின்களும் வீணாகும். வேண்டாம்.

பிழிந்த இலையை 120 மி.லி. குளிர்ந்த நீர் விட்டு அரையுங்கள். ஒரேயடியாக ஓட்டாமல் 20 நொடி ஓட்டி, நிறுத்தி, வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓடினால் ஜாருக்குள் சூடேறி நிறம் மங்கும். இந்த விழுதை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிட்டால் கோடைக்கு வேலை முடிந்தது. 15 மி.லி. குழி உள்ள தட்டில் பதின்மூன்று, பதினான்கு கட்டிகள் வரும், ஒரு கட்டியில் ஏறக்குறைய 7 கிராம் கீரை இருக்கும். உறைந்ததும் கழற்றிக் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். திறந்த தட்டிலேயே விட்டால் ஃப்ரீசரில் இருக்கும் மீன் வாசமெல்லாம் ஏறும். ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும்.

முருங்கைக்கீரை நீர்மோர்

முதன்முதலாகச் செய்கிறவர்கள் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மோரின் புளிப்பும் பெருங்காயமும் கீரையை அணைத்துக்கொண்டு போகும். சிறிய பிசகுகள் தெரியாது.

நான்கு டம்ளருக்கு: அதிகம் புளிக்காத தயிர் 250 மி.லி., குளிர்ந்த தண்ணீர் 550 மி.லி., கீரைக் கட்டி இரண்டு (புதிதாகச் செய்தால் உருவிய இலை ஒரு கைப்பிடி, வெந்நீரில் முக்கி எடுத்தது), இஞ்சி அரை அங்குலம், பச்சை மிளகாய் பாதி, வறுத்துப் பொடித்த சீரகம் அரை டீஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், பெருங்காயம் இரண்டு சிட்டிகை.

இஞ்சி, மிளகாய், கீரை மூன்றையும் மூன்று மேசைக்கரண்டி தண்ணீரோடு அரைத்து டீ வடிகட்டியில் வடித்துக்கொள்ளுங்கள். தயிரை மத்தால் தனியே கடைந்து, தண்ணீர் சேர்த்து, உப்பும் சீரகமும் பெருங்காயமும் போட்டு, கடைசியாகக் கீரைச் சாற்றை ஊற்றிக் கலக்குங்கள்.

தயிரையும் கீரையோடு சேர்த்து மிக்ஸியில் அடித்துவிட்டால் என்ன? ஒரு வேலை குறையும் என்றுதான் தோன்றும். கொழுப்புள்ள தயிராக இருந்தால் வெண்ணெய் திரண்டு பச்சைத் துணுக்குகளோடு மேலே மிதக்கும். நுரையும் ஏராளமாக வரும். முருங்கை இலையிலேயே நுரைக்கும் தன்மையுள்ள சபோனின் என்ற பொருள் இருப்பதால், காற்றோடு அடிபட்டால் சோப்பு நுரை போல நிற்கும். மத்து போதும். அப்படியும் நுரை வந்தால் ஐந்து நிமிடம் விட்டுவிட்டு வழித்தெடுங்கள்.

தாளிக்க விரும்பினால் அரை டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை போட்டு, ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். எண்ணெய் அதிகமானால் குளிர்ந்த மோரின் மேல் படலமாக நின்று உதட்டில் ஒட்டும்.

மோரை மண்பானையில் வைத்தாலும் கத்திரி வெயில் நாட்களில் இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் அன்றைக்கு மட்டும் தாங்கும். அடியில் கீரைத்தூள் தங்கி மேலே தெளிவது இயல்பு, கலக்கிக் கொடுத்தால் போதும்.

எலுமிச்சை சேர்க்கும் நேரம்

இலையின் பச்சை நிறத்துக்கு அமிலம் எதிரி. எலுமிச்சைச் சாறு பட்டதும் பச்சையம் மெல்ல மெல்லச் சிதைந்து மங்கிய பழுப்புப் பச்சையாகும். வெந்நீரில் இது சில நிமிடங்களிலேயே நடந்துவிடும், குளிர்ந்த நீரில் நேரம் எடுக்கும். சூடான கீரைத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்துவிட்டு, நிறம் ஏன் இப்படி ஆனது என்று கேட்பதில் பயனில்லை. ருசி அதனால் கெடாது, ஆனால் பழுப்புப் பானத்தைக் குழந்தைகளிடம் நீட்ட முடியாது.

நான்கு டம்ளருக்கு 750 மி.லி. தண்ணீரில் 4 மேசைக்கரண்டி சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு கரைத்து, கீரைக் கட்டி ஒன்றும் புதினா இலை பத்தும் அரைத்து வடித்துச் சேர்த்து, குளிரவைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர எலுமிச்சை இரண்டின் சாற்றைக் கொடுக்கப்போகிற நேரத்தில் விடுங்கள். இதில் கட்டி ஒன்றுக்கு மேல் வேண்டாம். மோரைப் போல மறைக்க இதில் எதுவும் இல்லை, இரண்டு போட்டால் கீரை வாசம் தூக்கலாகத் தெரியும். தோல் சீவிய வெள்ளரிக்காய்த் துண்டு நான்கைந்து சேர்த்து அரைத்தால் இன்னும் இதமாக இருக்கும். விதை முற்றிய வெள்ளரி கசக்கும், நறுக்கியதும் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெல்லமும் கருப்பட்டியும் போட்டால் சேறு போன்ற நிறம் வரும். நிறத்தைப் பொருட்படுத்தாதவர்கள், ராமநவமிக்குக் கரைக்கிற பானகத்தில் சுக்கும் ஏலக்காயும் சேர்வது போல் இதிலும் சேர்த்துக்கொள்ளலாம், சுவை நன்றாகவே பொருந்தும். இளநீரில் கலப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இளநீரின் மெல்லிய இனிப்பு ஒரே ஸ்பூன் கீரைச் சாற்றில் காணாமல் போகும். அதைத் தனியே குடிப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

உலர்ந்த இலையில் குளிர்ந்த தேநீர்

கீரை மிஞ்சும்போது காயவைத்துக்கொள்ளலாம். அலசிய இலையை ஈரம் போகத் துடைத்து, நிழலில், காற்றோட்டமான இடத்தில், மெல்லிய துணி மேல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். கோடையில் மூன்று, நான்கு நாளில் காய்ந்துவிடும். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுத்து வைக்கோல் வாசம் வரும். கையில் எடுத்து நொறுக்கினால் சத்தத்தோடு பொடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, அப்படியே டப்பாவில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஒரு கிலோ இலை காய்ந்தால் 200 கிராம் அளவுக்குத்தான் தேறும்.

தேநீருக்கு மாவாகப் பொடிக்காமல் கையால் நொறுக்கிய இலையே நல்லது. மாவு அடியில் சகதியாகத் தங்கும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, ஒரு மேசைக்கரண்டி இலையைப் போட்டு ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும். வடிகட்டி, குளிரவைத்து, புதினா, ஒரு சிட்டிகை உப்பு, குடிக்கும்போது எலுமிச்சை. பொடிதான் கையில் இருக்கிறது என்றால், ஒரு ஸ்பூன் தண்ணீரில் முதலில் குழைத்துக்கொண்டு பிறகு மோரில் விடுங்கள். நேரே தூவினால் உருண்டை உருண்டையாக மிதக்கும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம், யார் கவனமாக இருக்க வேண்டும்

100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, கீரைகளில் இது பெரிய அளவு. ஆனால் மேலே சொன்ன கணக்குப்படி ஒரு டம்ளர் மோரில் விழுவது மூன்றரை கிராம் கீரைதான். அதிலிருந்து 10 மில்லிகிராம் சொச்சம் வரும், அதே டம்ளரில் உள்ள தயிர் அதைப்போல ஏழு மடங்கு கால்சியம் தருகிறது. ஆகவே இந்தப் பானத்தைக் கோடைக்கான தாகசாந்தியாக வைத்துக்கொள்ளுங்கள். கீரையின் சத்து முழுதாக வேண்டுமென்றால் வாரம் இரண்டு நாள் பொரியலோ கூட்டோ செய்து சாப்பிடுவதுதான் வழி. சத்து கூடட்டும் என்று பானத்தில் கீரையை நான்கு மடங்காக்கினால் கசப்பதோடு, பழக்கமில்லாதவர்களுக்கு வயிறும் இளகிவிடும். தொடக்கத்தில் நாளுக்கு ஒரு டம்ளர் போதும். குடித்ததும் காபி, டீ வேண்டாம், கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர்வதை அவை குறைக்கும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள், கீரையின் அளவை மருத்துவரிடம் கேட்காமல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலைக்கு எதிரானது. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தினமும் குடிக்கத் தொடங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகள் சமைத்த கீரையை உணவாகச் சாப்பிடுவது வேறு, முருங்கைப் பட்டையும் வேரும் வேறு. பின்னவை இரண்டையும் கர்ப்பகாலத்தில் அறவே தொடக் கூடாது.

வடிகட்டியில் தங்கும் கீரைச் சக்கையை அடை மாவிலோ சப்பாத்தி மாவிலோ பிசைந்துவிடலாம், நார் அதில்தான் இருக்கிறது. இலையை முக்கி எடுத்த வெந்நீர் ஆறியதும் மரத்தடியிலேயே ஊற்றிவிடுங்கள். அதில் உப்பு போட வேண்டாம் என்று சொன்னது இதற்காகத்தான்.